பத்து நிமிஷ வேலை

கட்டைவிரலால் மோட்டார் சைக்கிளின் செயினை மேலே ஒருமுறை தூக்கிப் பார்க்கிறார், கீழே ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார். கண் வேறெங்கோ இருக்கிறது. நாடி பிடிக்கும் வைத்தியரைப் போலத் தலை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. திருப்தி என்றால் "ம்". இல்லையென்றால் "ம்ஹும்". இந்த இரண்டாவது சத்தம் காதில் விழுந்தால், உள்ளே டீயை ஆற்றிக்கொண்டிருக்கும் மனைவி டம்ளரைத் தட்டால் மூடி ஓரமாக வைத்துவிடுவார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்லம்மா, பத்து நிமிஷ வேலை."

தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "பத்து நிமிஷம் வீட்டுல இருக்காரா?" என்றுதான் விசாரிப்பார்கள். பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். அங்கே பத்து நிமிஷம் என்றால் பத்தே நிமிஷம்தான். வந்தவர் உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் கண்ணாடி கைக்கு வந்துவிடும். வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளிடம் போனால்தான் அவருடைய கடிகாரம் வேறு மாதிரி ஓடுகிறது. காலையில் தொடங்கிய பத்து நிமிஷம், மத்தியானச் சாப்பாடு ஆறி, கொடியில் துணி காய்ந்து, எடுத்து மடித்து வைத்த பிறகும் நடந்துகொண்டிருக்கும்.

வண்டி நானூறு சிசி. பந்தயத்துக்கு அனுப்பினால் கடைசியில் வரும், பால் வாங்க அனுப்பினால் கூச்சப்படும்; அந்த இரண்டுங்கெட்டான் ரகம். நீல நிறத்தில், முன்பக்கம் தணிந்து பின்பக்கம் தூக்கி, பாயப்போகிற பூனை மாதிரி நிற்கும். வாங்கி வந்த அன்றைக்கு இருந்ததில் இன்றைக்கு மிச்சமிருப்பது சட்டம், எஞ்சின், சாவி மூன்றும்தான் என்பார் மனைவி. அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், தெருவுக்கே டிரைவரம்மா. நீளமான பஸ்ஸை ஒடுக்கமான சந்தில் ஒரே மூச்சில் திருப்பிவிட்டு, எதுவும் நடக்காதது போல இறங்கி வருகிற ரகம்.

"சாவியும் இல்லம்மா. அதுக்கு உறை போட்டிருக்கேன்ல," என்று கண்ணாடிக்காரர் திருத்துவார். அதைப் பெருமையாகவே சொல்வார்.

"கம்பெனிக்காரன் எல்லாருக்கும் பொதுவாத்தான் செய்வான். நமக்குத் தகுந்த மாதிரி நாமதான் மாத்திக்கணும்" என்பது அவருடைய கொள்கை. இந்த 'நமக்கு' என்பதில் யார் யார் சேர்த்தி என்று அவர் யோசித்ததில்லை. சைலன்சர் மாறியது. ஹேண்டில்பார் மாறியது. பிரேக் லிவர், பிரேக் குழாய், செயின், பல்சக்கரம், காற்று வடிகட்டி எல்லாம் ஒவ்வொரு பொட்டலமாக வந்து சேர்ந்தன. பொட்டலம் வந்த நாளில் கையைக் கழுவிக்கொண்டுதான் பிரிப்பார். ஹாரன்கூட மாறியது, புது ஹாரன் பழையதைவிட மெல்லிசாகக் கத்துகிறது என்று மகள் சிரித்தபோது, "சுதி சுத்தம்" என்றார்.

பின்சக்கரத்துக்கு மேலிருந்த நீளமான மட்காடைக் கழற்றிவிட்டு, கட்டைவிரல் அகலத்தில் ஒன்றை மாட்டினார். பார்வைக்கு எடுப்பாகத்தான் இருந்தது. முதல் மழையில், சக்கரம் வாரியடித்த சேறு அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரே கோடாக ஏறிவிட்டது. அது தெரியாமல் கடைக்குப் போய், அலமாரியில் பிரேம் எடுக்கத் திரும்பி நின்றபோது, "சார், முதுகுல புதுசா ரோடு போட்டிருக்காங்க போல," என்றாராம் ஒரு வாடிக்கையாளர். அன்றைக்கு அவர் ஒரு முடிவெடுத்தார். மட்காடை மாற்றுவதில்லை, மழை நாளில் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்வது.

இன்னொரு சமயம் எடை குறைக்கும் மோகம் பிடித்தது. இரும்பு போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் லேசான போல்ட்டுகளை மாட்டினார். பழசை ஒரு கையிலும் புதுசை ஒரு கையிலும் வைத்து, பார்க்கிறவர்களை எல்லாம் ஏந்திப் பார்க்கச் சொன்னார். டிரைவரம்மாவும் ஏந்திப் பார்த்தார். பிறகு போல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கணவருடைய தொப்பையை ஒரு விரலால் தட்டினார்.

"வண்டியில கொறைச்சதெல்லாம் எங்க வந்து சேந்திருக்குன்னு இப்பத்தான் தெரியுது."

அவரிடம் நீளமான ரெஞ்ச் ஒன்று உண்டு. எந்த போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு என்று அதில் வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். அதற்குமேல் மயிரிழைகூட முறுக்கமாட்டார். "கை சொல்றத நம்பக் கூடாது. கைக்குக் கோவம் வரும், பசி வரும். இந்த டக்குக்கு ஒண்ணும் வராது." இந்தப் பழக்கம் சமையலறைக்கும் வந்துவிட்டது. எந்த பாட்டில் மூடியையும் அவர் அமுக்கித் திருகுவதில்லை. அடுத்து வருகிறவர் மூடியைப் பிடித்துத் தூக்கினால், மூடி மட்டும் கையோடு வரும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் நிற்பவரின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி எடுத்துவிடுவார். கேட்கவெல்லாம் மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி ஸ்குரூ டிரைவர் வரும். காதோரத் திருகாணி இறுகும். கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறும். ஓரடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்து "ம்" என்பார். செயினுக்குச் சொல்லும் அதே "ம்"தான்.

எல்லாவற்றையும்விட அவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவது பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரை. அதற்குச் சீட்டுக்குக் கீழே இடப்பக்கம் ஒரு குமிழ் உண்டு. வண்டியில் ஏறும் பாரத்துக்குத் தகுந்தபடி ஸ்பிரிங்கை அதைத் திருகி இறுக்கலாம், தளர்த்தலாம். திருகத் திருக 'டிக் டிக்' என்று சொல்லும். தன் ஒருவருடைய உடம்புக்குச் சரியான இடம் எது என்று ஒரு பருவம் முழுக்க மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அந்த இடத்துக்குப் பெயர் 'செட்டிங்'. அதை அவர் யாரும் தொடவிடுவதில்லை. கடையில் இரண்டு தர்ப்பூசணி வாங்கினால், கடை வாசலிலேயே குனிந்து குமிழை இரண்டு டிக் இறுக்குவார். வீட்டுக்கு வந்து பழத்தை இறக்கியதும், அதை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால், அதே இரண்டு டிக் தளர்த்துவார்.

"தப்பான செட்டிங்கில ஒரு தெரு தாண்டினாக்கூட என் முதுகெலும்பு காட்டிக் குடுத்துடும்," என்பார்.

கழற்றிய சாமான் எதையும் அவர் தூக்கிப் போட்டதில்லை. அவற்றுக்கு 'ஒரிஜினல்' என்று பெயர். அந்தச் சொல்லைக் கொஞ்சம் குரல் தாழ்த்தித்தான் சொல்வார். படுக்கையறைப் பரண் முழுக்க ஒரிஜினல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய துணி. எந்தத் துணிக்குள் எது என்பது மனப்பாடம். மகளின் சின்ன வகுப்புச் சீருடையில் பக்கக் கண்ணாடிகள் தூங்குகின்றன. அவருடைய கல்யாணச் சட்டைக்குள் சைலன்சர். குழந்தைக் காலுறைகளில் ஆளுக்கொன்றாக பிரேக் லிவரும் கிளட்ச் லிவரும். பழைய ஜன்னல் திரையில் ஹேண்டில்பார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் டிரைவரம்மா பரணைக் காட்டி, "மேல இன்னொரு வண்டி இருக்கு. சட்டம் ஒண்ணு கெடைச்சா அதுபாட்டுக்கு எறங்கி ஓடிடும்," என்று அறிமுகம் செய்துவைப்பார்.

பின்சீட்டின் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் விடியற்காலை டூட்டிக்கு டிரைவரம்மாவை டிப்போவில் கொண்டுபோய் விடுவது இந்த வண்டிதான். பிறகு ஒருநாள் ஒரு பெரிய பொட்டலம் வந்தது. உள்ளே வழவழவென்று, கவிழ்த்த படகுபோல ஒரு மூடி. பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதை மாட்டினால் வண்டி ஒற்றையாள் பந்தய வண்டி மாதிரி ஆகிவிடும். "சும்மா கொஞ்ச நாள் போட்டுப் பாக்கலாம்," என்றார். பின்னால் யாரும் உட்காராத வண்டிக்குக் கால் வைக்கும் கட்டை எதற்கு என்று அதையும் கழற்றினார். டிரைவரம்மா நடந்தே டிப்போவுக்குப் போகத் தொடங்கினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததால் ஒன்றும் இல்லை என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் வருஷக்கணக்கில் நீண்டது.

இந்த வருஷம் மகள் வெளியூருக்கு, விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு. பேச்சும் இரண்டு தட்டுக்கு அளவாகத்தான் இருந்தது. அப்படி ஒரு திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது டிரைவரம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்த ஞாயித்துக்கெழமை எனக்கு டூட்டி இல்ல. வண்டியில ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"எங்க?"

"என் பஸ்ஸு கடைசி ஸ்டாப்புல திரும்புதுல்ல? அதுக்கு அப்புறமும் ரோடு போகுதுங்க. கொஞ்ச தூரத்துல ஒரு வளைவு. அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா அங்க ஸ்டியரிங்கை ஒடிச்சு ஒடிச்சுத் திரும்பிக்கிட்டே இருக்கேன். ஒரு நாளாவது திரும்பாம நேரா போய்ப் பாக்கணும்."

கண்ணாடிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனைவி வாய்விட்டு எதையும் கேட்கிற ஆள் இல்லை. கேட்டதும் வண்டியைக் கேட்டிருக்கிறார்.

"இவ்ளோதானா? பின்சீட்டு, ஃபுட்ரெஸ்ட் ரெண்டையும் பரண்லேர்ந்து எடுத்து மாட்டணும். பத்து நிமிஷ வேலை!"

சாப்பிட்ட கையோடு ஸ்டூல் போட்டு ஏறினார். மேலிருந்து அவர் ஒவ்வொரு மூட்டையாகக் கொடுக்க, கீழே டிரைவரம்மா வாங்கிக் கட்டிலில் வைத்தார். சீருடை இறங்கியது. கல்யாணச் சட்டை இறங்கியது. காலுறைகள், திரைத்துணி, ஒரு பழைய தலையணை உறை. அந்த உறைக்குள் கை விட்டுப் பார்த்தார் டிரைவரம்மா. ஒரு பல்பு வந்தது.

"இது என்ன?"

"ஒரிஜினல் ஹெட்லைட் பல்பு."

"எரியுமா?"

"பியூஸ் போனது. இருந்தாலும் ஒரிஜினல்."

பரணின் கடைசி மூலைவரை கை போய்த் துழாவியது. பிறகு துழாவுவது நின்றது. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்துத் தெரு பி.டி. மாஸ்டரிடம் இதே வண்டி சிவப்பு நிறத்தில் இருக்கிறது. அவர் ஒருமுறை விழுந்து வாரியதில் பின்சீட்டு கிழிந்து, கால்கட்டை முறிந்துபோயிற்று. பாவம் என்று கண்ணாடிக்காரர்தான் தன்னுடையதைத் தூக்கிக் கொடுத்தார். 'எனக்கு எதுக்கு, சும்மா தூசி அடைஞ்சு கெடக்குது,' என்று சொன்னதுகூட நினைவுக்கு வந்தது.

"அது... மாஸ்டருக்குத் தேவைப்பட்டுச்சு... குடுத்துட்டேன்."

டிரைவரம்மா கட்டிலில் பரப்பிக் கிடந்த மூட்டைகளைப் பார்த்தார். கையிலிருந்த பல்பைப் பார்த்தார்.

"பியூஸ் போன பல்பை வச்சிருக்கீங்க. நான் ஒக்கார்ற எடத்தை மட்டும் குடுத்துட்டீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மழை வருகிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். பல்பை மறுபடி தலையணை உறைக்குள் வைத்து, உறையின் வாயை ஒழுங்காக மடித்துவிட்டு, "பரவால்ல விடுங்க. பஸ்லயே போய்க்கலாம். எனக்கு டிக்கெட் கெடையாது," என்று சிரித்தார். அப்புறம் போய் மறுநாள் சீருடைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார்.

ஸ்டூலிலிருந்து இறங்கக் கண்ணாடிக்காரருக்குக் கால் வரவில்லை. இந்த வீட்டில் தான் எதையும் இழக்காமல் பத்திரமாக வைத்திருக்கிற ஆள் என்று அவர் தன்னைப் பற்றி ஓர் எண்ணம் வைத்திருந்தார். அது பொத்தென்று விழுந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பயணம் நடக்காவிட்டால் மனைவி திட்டமாட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டார். இனி கேட்கவே மாட்டார். அதுதான் பயம்.

மறுநாள் கடைக்குப் போகும் வழியில் உதிரிபாகக் கடையில் விசாரித்தார். பின்சீட்டு கம்பெனியிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். சாயங்காலம் நேராக மாஸ்டர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதற்கு ஒரு தனி முகம் வேண்டும். அது அவரிடம் இல்லை. எனவே முதலில் மாஸ்டரின் செயினை அழுத்திப் பார்த்தார். டயரில் காற்று குறைச்சல் என்றார். மாஸ்டருடைய மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்து, இறுகியிருந்த திருகாணியை மறுபடி இறுக்கினார். கண்ணாடியில்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற மாஸ்டர், கழுத்தில் தொங்கிய விசிலைத் தடவியபடி பொறுத்துப் பார்த்தார்.

"அண்ணே, என்ன விஷயம்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல. கண்ணாடியையாவது குடுங்க."

சொன்னார். கடைசி ஸ்டாப், வளைவு, பரண், பல்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பல்பு வந்த இடத்தில் மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணியே அப்படிச் சொன்னாங்களா? உங்களுக்கு இது வேணும்ணே." பிறகு வண்டியைச் சுற்றி வந்தார். "எங்க வீட்டுல இப்ப முழுகாம இருக்கா. டாக்டர் வண்டியில ஏறக் கூடாதுன்னுட்டாங்க. கொழந்தை பொறந்தா நாங்க ஸ்கூட்டருக்கு மாறிடுவோம். அதனால சீட்டைத் தாராளமா எடுத்துக்கங்க. ஆனா என் வண்டி பின்னாடி ஓட்டையா நிக்குமே..." அவருடைய பார்வை நீல வண்டியின் வழவழ மூடிமேல் போய் உட்கார்ந்தது. அந்தப் பார்வை அங்கே உட்காருவது அது முதல்முறை அல்ல.

கண்ணாடிக்காரர் வாரத்துக்கு ஒருமுறை மெழுகு போட்டுத் துடைத்து, அதில் தன் முகத்தைப் பார்த்து மீசை நறுக்கிக்கொண்ட மூடி அது.

"எடுத்துக்குங்க," என்றார்.

"அப்புறம் திருப்பிக் கேக்க மாட்டீங்களே?"

"நான் கேக்குற லட்சணத்தைத்தான் பாத்தீங்களே."

சனிக்கிழமை சாயங்காலம் மாற்று வேலை நடந்தது. வாசலில் நீலமும் சிவப்பும் முதுகைத் திறந்துகொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சீட்டு பொருந்தியது, கால்கட்டை இரண்டும் 'டக்' வாங்கிக்கொண்டு உட்கார்ந்தன. மூடி சிவப்பு வண்டியில் ஏறியதைக் கண்ணாடிக்காரர் ஒரே ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். கீழே மண்டிபோட்டிருந்தவரின் கண்ணில் பின்சக்கரத்து பிரேக் பட்டது. கை தானாகவே ஒரு ஸ்பேனரை எடுத்தது.

"எதுக்கும் இந்த பிரேக் பேடையும்..."

வாசற்படியில் கை கட்டி நின்றிருந்த டிரைவரம்மா தொண்டையைக் கனைத்தார். இந்த ஸ்பேனர் திருகத் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை வண்டி செங்கல்மேல்தான் நிற்கும் என்று மூன்று பேருக்குமே தெரியும். ஸ்பேனர் மெதுவாகப் பெட்டிக்குள் திரும்பிப் போயிற்று.

ஆனால் ஒன்றை விட முடியாது. செட்டிங். இரண்டு பேர் ஏறும் வண்டிக்கு ஒற்றையாள் ஸ்பிரிங் ஆகாது, பின்பக்கம் அமுங்கிப்போய்விடும். அதற்கு ஒரு விவரம் தேவை. கண்ணாடிக்காரர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, குரலை இனிமையாக்கிக்கொண்டார்.

"ஏம்மா, உன் வெயிட் எவ்ளோ?"

மாஸ்டர் சட்டென்று ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"பஸ்ஸு நெறய ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போறேன்," என்றார் டிரைவரம்மா. "படியில தொங்குறவனையும் சேத்து. ஒருத்தர் வெயிட்டையும் நான் கேட்டதில்ல. என் வெயிட்டையும் யாரும் கேட்டதில்ல."

"ஸ்பிரிங்குக்குத் தெரியணும்மா."

"ஸ்பிரிங்கு கேக்கட்டும், சொல்றேன்."

கடைசியில் ஸ்பிரிங்கையே கேட்க வைத்தார்கள். கண்ணாடிக்காரர் முன்னால் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். டிரைவரம்மா பின்னால் ஏறிக் கால்கட்டையில் கால் வைத்தார். ஏறியவர் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் திரும்பிப் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்தார். மாஸ்டர் டேப்பை வைத்து வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தார். நீளம் தாண்டும் பையன்களை அளந்து பழகிய கை. அளவைக் கொஞ்சம் சத்தமாகவே அறிவித்தார். கண்ணாடிக்காரர் குனிந்து குமிழைத் திருகினார். டிக்.

"போதுமா?" என்றார் டிரைவரம்மா.

"இன்னும் கொஞ்சம்." டிக், டிக்.

"இன்னுமா?"

டிக்.

"ஏங்க, ஒரு டிக்குக்கு எத்தனை கிலோ?"

"அப்படியெல்லாம் கணக்கு கெடையாது."

"கெடையாதுல்ல? அப்ப சரி. திருகுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் செயினுக்கு ஒரு "ம்" கிடைத்தது. டிரைவரம்மா பழைய ஹெல்மெட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு ஏறினார். ஏறி அமர்ந்ததும் கணவருடைய தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ்ஸில் கண்டக்டர் தனக்குக் கொடுக்கிற சைகையை இப்போது அவர் கொடுக்கிறார். அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம் இருந்தது.

வழி முழுக்க ஓட்டுநர் பயிற்சி நடந்தது. "பிரேக்கை லேட்டா புடிக்கிறீங்க." "அந்த ஆட்டோவை முன்னாடியே பாத்திருக்கணும்." "இந்த எடத்துல பள்ளம் வரும், இப்பவே எடதுபக்கம் ஒதுங்குங்க." ஒதுங்கினார், பள்ளம் வந்தது. எதிரே வந்த பேருந்து ஒன்று, ஓட்டுகிறவர் அடையாளம் கண்டுகொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. டிரைவரம்மா பின்சீட்டில் ராணி மாதிரி கை தூக்கினார்.

கடைசி ஸ்டாப் வந்தது. பேருந்துகள் வட்டம் போட்டுத் திரும்பிய கறுப்புத் தடம் தார்ரோட்டில் தெரிந்தது. அதைத் தாண்டும்போது தன் சட்டையின் இரண்டு பக்கத்தையும் மனைவியின் கைகள் பிடித்துக்கொண்டதைக் கண்ணாடிக்காரர் உணர்ந்தார். அவர் வேகத்தைக் கூட்டவில்லை, குறைத்தார். வளைவு மெதுவாகத் திறந்தது.

திறந்த இடத்தில் ஒரு பெரிய இரும்புக் கதவு இருந்தது. கதவில் பூட்டு. உள்ளே தண்ணீர் இறைக்கும் மோட்டார் அறை ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. சுவரில் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று எழுதியிருந்தது. ரோடு அவ்வளவுதான். கதவுக்கு முன்னால் ஒரு நாய் படுத்திருந்தது. அது எழுந்திருக்கக்கூட இல்லை.

கண்ணாடிக்காரருக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மனைவி அழுகிறார் என்று நினைத்து அவசரமாக ஸ்டாண்ட் போட்டார். டிரைவரம்மா சிரித்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இதுக்கா! இத்தனை வருஷமா இந்தப் பம்ப்பு ரூமுக்கா நான் ஏங்கிக்கிட்டு இருந்தேன்!"

"கஷ்டமா இருக்காம்மா?"

"கஷ்டமா? தெரிஞ்சுபோச்சுல்ல. நாளைலேர்ந்து நிம்மதியா திரும்புவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சீட்டைத் தட்டிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும். அவ்ளோ தூரம் வந்தோம், ஒரு குலுக்கல் இல்ல. என் பஸ்ஸுலகூட இப்படி ஒக்காந்ததில்ல."

கண்ணாடிக்காரர் தலையைச் சாய்த்து "ம்" என்றார். அந்த "ம்" சரியாக வெளியே வரவில்லை.

திரும்பும் வழியில் டிரைவரம்மா அவர் காதருகே குனிந்து, போகிற போக்கில் சொல்வது போல, "நான் போற இன்னொரு ரூட்டுலயும் ஒரு கடைசி ஸ்டாப் இருக்கு," என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை டிரைவரம்மா வழக்கம்போல இருட்டோடு டூட்டிக்குப் போய்விட்டார்; கண்ணாடிக்காரர் எழுந்து பார்த்தபோது ஆள் இல்லை. செயினை அழுத்தினார், "ம்" என்றார், தனியாகக் கடைக்குக் கிளம்பினார். இரண்டு பேருக்கு இறுக்கி, நேற்று தளர்த்தாமலே விட்ட ஸ்பிரிங் ஓர் ஆளுக்கு இளகுமா? தெருமுனை வேகத்தடையிலேயே வண்டி அவரைத் தூக்கிப் போட்டது. பல்லோடு பல் இடித்தது. அடுத்த வேகத்தடையில் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்து நின்றது. முதுகெலும்பு காட்டிக்கொடுக்க வேண்டியதை எல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டது.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு இடது கையைச் சீட்டுக்குக் கீழே விட்டார். குமிழ் விரலுக்கு அகப்பட்டது. விரல்கள் அதைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு குமிழை விட்டுவிட்டு, கையை இன்னும் பின்னால் கொண்டுபோய், மடங்கியிருந்த இடதுபக்கத்துக் கால்கட்டையை விரித்து வைத்தார். பச்சை விழுந்ததும் குலுங்கிக் குலுங்கிப் போனார்.